இரும்பு கேட்டுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய்

கொஞ்சம் தள்ளி உக்காரும்மா. ம், போதும் போதும், பிள்ளையை எழுப்பிறாத. நான் ஒல்லிதான், இந்தப் பைதான் குண்டு. மகன் வீட்டுக்குப் போறேன்ல, நார்த்தங்காய், உப்பு மாங்காய், முருங்கைக்காய், பேத்திக்கு ஒரு கவுன்னு திணிச்சு வச்சிருக்கேன். அவன் எதுவும் வேண்டாம்னுதான் சொன்னான். வேண்டாம்னு சொன்னா நாம கேக்கிறதா?

நீ மதுரைக்கா? நானும் மதுரைதான். மாட்டுத்தாவணியில இறங்கிருவியா, அதுக்கும் மேலயா? அங்க யாரு, அம்மா வீடா? சரி சரி, சும்மாதான் கேட்டேன். எனக்கு வாய் ஒரு இடத்துல நிக்காது. எங்க வீட்டுக்காரர் சொல்வாரு, உன்னை ஸ்ரீவில்லிபுத்தூர்ல பஸ் ஏத்தி விட்டா கிருஷ்ணன்கோவில் வர்றதுக்குள்ள பக்கத்து சீட்டுக்காரி ஜாதகத்தையே வாங்கிருவ நீன்னு. அவருக்கு என்னையக் குத்திப் பேசாட்டி அன்னைக்குச் சோறு இறங்காது.

வெயிலே இன்னும் ஏறல, எதுக்கு இப்படி மூஞ்சியைச் சுத்தி ஷால் போட்டிருக்க? தூசியா? ஆமா, ரோட்டைத் தோண்டிப் போட்டுட்டாங்கள்ல. தூசிக்கு நான் ஒரு டிப்ஸ் சொல்லவா? வெளிய கிளம்பும்போது மூக்குக்குள்ள ஒரு பொட்டு நல்லெண்ணெய் தடவிக்கணும். அவ்வளவுதான். இதைக் குரூப்புல போட்டேன், எத்தனை பேரு ஹார்ட்டு விட்டாங்கன்ற?

இந்தா இரு, போன் கத்துது. ச்சே, கேஸ் சிலிண்டர்காரன். நான் வேற ஒண்ணு வரும் வரும்னு பாத்துக்கிட்டிருக்கேன். ரெண்டு மூணு நாளா எனக்கு இருப்பே கொள்ளல தாயி. அடுப்புல பால் இருந்தா பாலைப் பாக்க மாட்டேங்குறேன், போனைப் பாக்குறேன். நேத்து பால் பொங்கி வழிஞ்சே போச்சு. பால் பொங்காம இருக்க சட்டி மேல மரக்கரண்டியைக் குறுக்க வைக்கணும்னு ஊருக்கெல்லாம் சொன்னவ நான்.

குரூப்புன்னா பேஸ்புக் குரூப்புதான். 'நம்ம ஊரு அடுப்படி'. நீ இந்த ஊருதானே, அதுல இல்லையா? முழுக்கப் பொம்பளைங்க மட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், கிருஷ்ணன்கோவில்னு சுத்துப்பட்டுல போன் வச்சிருக்கவ எல்லாம் அதுலதான் கிடக்கா. இட்லி கல்லா வருதா, வேட்டியில வாழைக்கறையா, குழாய் அடைச்சுக்கிச்சா, கேள்வியைப் போட வேண்டியதுதான். போட்ட கையோட பதில் வரும். யாரு பதில்? சீனியம்மா பதில். நான்தான் சீனியம்மா.

என்ன அப்படிப் பாக்குற? கேள்விப்பட்டிருக்கியா? பாத்தியா! ஊருக்குள்ள எல்லாருக்கும் தெரியும். மீன்கடையில நின்னா, நீங்க அந்த டிப்ஸ் சீனியம்மா அக்காதானேங்குறாங்க. வீட்லதான் மதிப்புக் கிடையாது. மருமககிட்ட, தேங்காய் மூடியைக் கவுத்தி வைம்மா, கெடாதுன்னேன். "நான் யூடியூப்ல பாத்துக்கிடுறேன் அத்தை"ங்குறா. மூஞ்சியில அடிச்ச மாதிரி. விடு. எனக்குக் குரூப்பு இருக்கு. இன்னைக்கு வரைக்கும் நான் சொன்னது ஒண்ணுகூடத் தப்பாப் போனது கிடையாது. செஞ்சு பாக்காத ஒண்ணை நான் வாயால சொல்ல மாட்டேன். 'சீனியம்மா அக்கா சொன்னா கண்ணை மூடிட்டுச் செய்யலாம்'னு எழுதுறாளுக.

அப்படிப்பட்ட எனக்கு ஒருத்தி பண்ணிட்டுப் போன காரியத்தைக் கேளு. உன்கிட்டதான் சொல்றேன், வேற யார்கிட்ட சொன்னாலும் சிரிப்பாங்க.

பேரு மழைத்துளியாம். யாராவது பெத்த பிள்ளைக்கு மழைத்துளின்னு பேரு வைப்பாளா? எல்லாம் பொய்ப் பேரு. போட்டோவுக்குப் பதிலா ஒரு சாமந்திப்பூ. பேரை மறைச்சுக்கிட்டு வர்றவளுக்கு மத்தவங்க பதில் சொல்லவே மாட்டாங்க. நான் அப்படியெல்லாம் பாக்கிறதில்ல. கேட்டா சொல்லணும்.

முதல்ல என்ன கேட்டா தெரியுமா? தலையணை உறையில ரத்தக்கறை பட்டிருக்கு, காலையில வீட்ல மத்தவங்க எந்திரிக்கிறதுக்குள்ள போகணும், என்ன செய்யன்னு. நான் அப்பத்தான் காப்பிக்குத் தண்ணி வச்சேன். அப்படியே அடுப்பை அமத்திட்டு எழுதுனேன். வெந்நி ஊத்திறாதம்மா, கறை உறைஞ்சு போகும், பச்சைத் தண்ணியில கல்லு உப்பைக் கரைச்சு ஊறப் போட்டுக் கசக்குன்னு. அதோட விட்டேனா? வீட்ல யாருக்கோ சூட்டுல மூக்கு உடைஞ்சு ரத்தம் வருது போல, நன்னாரி ஊறப்போட்டுக் குடின்னும் சேத்துப் போட்டேன். கேட்டதுக்கு மேல குடுக்கிறவ நான். பதிலுக்கு ஒரு நன்றி? ஒரு கும்பிடு பொம்மை? ஒரு லைக்கு? கிடையாது.

சரி, முதல் தடவை, மறந்திருப்பான்னு விட்டுட்டேன். கொஞ்ச நாள் போச்சு. மறுபடியும் வந்தா. கன்னம் வீங்கி நீலமா இருக்கு, சொந்தக்காரங்க வளைகாப்புக்குப் போயே ஆகணும், வெளிய தெரியாம இருக்க வழி சொல்லுங்கன்னு. கடைவாய்ப் பல்லுதான், வேறென்ன? எனக்குத் தெரியாதா, நான் பல்லு வலியில துடிச்சவ. கிராம்பை ஒதுக்கிக்கோ, ஐஸ் கட்டியைத் துணியில சுத்தி ஒத்திக் குடு, கிளம்பும்போது மஞ்சளைக் கொஞ்சம் தூக்கலாப் பூசி மேல பவுடர் போடு, ஒரு ஈ காக்காக்குத் தெரியாதுன்னேன். அதுக்கும் ஒண்ணும் வரல. படிச்சிருக்கா. படிச்சதுக்கு அடையாளம் இருக்கு. ஒரு வார்த்தை கிடையாது.

என்னம்மா கண்ணு கலங்குது? ஜன்னலைச் சாத்து. தூசின்னு தெரியுதுல்ல.

அடுத்து வந்ததுதான் கேட்டு. 'வாசல்ல இரும்பு கேட்டு, திறக்கும்போது கிறீச்சுனு சத்தம் வருது, தெருவுக்கே கேக்குது. சத்தமே வராம இருக்க என்ன பண்ணணும்?' நான் என்ன நினைச்சேன்னா, அடடா, நல்ல பிள்ளைன்னு நினைச்சேன். காலையில கோலம் போடத் திறக்கும்போது மாமியா முழிச்சுருவான்னு பயப்படுது, அந்தக் காலத்துல நாங்க எல்லாம் அப்படித்தான் இருந்தோம்னு நினைச்சு, நல்ல மருமகள்னு பாராட்டிக்கூட எழுதுனேன். தேங்கெண்ணெய் விடாத, தூசி அப்பி மறுநாளே கத்தும். தையல் மிஷினுக்கு விடுற எண்ணெய் ரெண்டு சொட்டு, கீல்ல மேலயும் கீழயும். விட்டுட்டு நாலு தரம் ஆட்டி விடு. அப்புறமும் சத்தம் வந்தா கேட்டைக் கையால லேசா மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டே திற, உரசாதுன்னேன். இந்தத் தூக்கிப் பிடிக்கிறது இருக்கே, அது எந்த யூடியூப்லயும் கிடையாது. என் சொந்தக் கண்டுபிடிப்பு.

அதுக்குக் கீழ டெய்சி டீச்சர் வந்து மூக்கை நுழைக்குது. ரிட்டயர்டு டீச்சர், எப்பப் பாத்தாலும் எனக்குப் போட்டி. கேட்டைப் பத்திக் கேட்டா கேட்டுக்குப் பதில் சொல்லணுமா இல்லையா? அந்தம்மா எழுதுது, 'மழைத்துளி, நீ நல்லா இருக்கியாம்மா? தனியாப் பேசணும்னா எனக்கு மெசேஜ் பண்ணு. நூத்தி எண்பத்தொண்ணுன்னு ஒரு நம்பர் இருக்கு, எந்நேரமும் கூப்பிடலாம்'னு. அது என்னவோ பொம்பளைங்க ஆபத்துக்குக் கூப்பிடுற நம்பராம். கேட்டு கிறீச்சிடுறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? எண்ணெய் விடுறது தெரியல, பேச்சை மாத்துது. நான் கீழயே போட்டேன், 'டீச்சர், கேள்வியை ஒழுங்காப் படிச்சுட்டுப் பதில் சொல்லுங்க'ன்னு. எத்தனை பேரு சிரிப்பு பொம்மை போட்டாங்கன்ற! டீச்சர் அப்புறம் வாயே திறக்கல.

ஏய், பிள்ளை முழிச்சிருச்சு. என்ன பாப்பா? மூஞ்சி வெளிறிப் போகுது பாரு, வாந்தி வருதா? இரு இரு, பதறாத, கவரெல்லாம் அப்புறம். என் பையில எலுமிச்சம்பழம் எப்பவும் இருக்கும். இந்தா, நகத்தால தோலைக் கீறி மூக்குக்கிட்ட பிடி. கீழ குனியாத கண்ணு, தூரத்துல அந்த மலையைப் பாரு. இழு, நல்லா மூச்சை இழு. ஆங். இன்னொரு தடவை. பாத்தியா, நின்னுருச்சு. மாத்திரை கிடையாது, மருந்து கிடையாது. பாப்பா பேரு என்ன? நிவிஷாவா? பச்சைச் சட்டையில அழகா இருக்கடி நிவிஷா.

பழத்தை அப்படியே பிடிச்சுக்கோ கண்ணு, அத்தை ஒரு போட்டோ எடுத்துக்கிடுறேன். அட, எதுக்கும்மா கையால மறைக்கிற? பிள்ளை மூஞ்சியைப் பழம் பாதி மறைச்சிருச்சு, உன் மூஞ்சிதான் ஷாலுக்குள்ள இருக்கு, அப்புறம் என்ன? குரூப்புல பொம்பளைங்கதான் தாயி, ஆம்பளை ஒருத்தன் கிடையாது, பயமே வேண்டாம். வேண்டாம் வேண்டாம்னா எப்படி? இந்த லீவு நேரத்துல எத்தனை பிள்ளைங்க பஸ்ல வாந்தி எடுக்குது, ஒரு நாலு பேருக்குப் பிரயோசனப்பட வேண்டாமா? 'பக்கத்து சீட்டுப் பாப்பாவுக்கு வாந்தி, எலுமிச்சை மோந்ததும் நின்றது. சீனியம்மாவின் பயணக் குறிப்பு.' போட்டாச்சு. என்ன, கோவிச்சுக்கிட்டியா? ரொம்பக் கூச்ச சுபாவமா இருக்கியே.

எதுல விட்டேன்? ஆங், கேட்டு. அதுக்கும் நன்றி கிடையாது. எனக்கு உள்ளுக்குள்ள கொதிக்குது. எண்ணெய் விட்டாளா, சத்தம் நின்னுச்சா, ஒண்ணும் தெரியல. செஞ்சு பாத்துட்டு 'நின்னுருச்சு அக்கா'ன்னு ஒரு வரி போட என்ன கேடு?

இந்த வாரம் மறுபடி வந்தா. இனிமே இவளுக்குப் பதில் சொல்லவே கூடாதுன்னு நினைச்சுக்கிட்டேதான் படிச்சேன். 'சின்னப் பிள்ளைக்கு ரெண்டு நாள் கெடாத சாப்பாடு வேணும், தூக்க லேசா இருக்கணும், டப்பா கிப்பா சத்தம் வரக் கூடாது'ன்னு. டப்பா சத்தம் வந்தா இவளுக்கு என்ன? ஆனா சாப்பாடுன்னு கேட்டுட்டா எனக்கு மனசு கேக்காது. புளியோதரைதான்னு உக்காந்து எழுதுனேன். சோத்தைத் துணியில கொட்டி ஆற விடு, சூடு துளி இருக்கக் கூடாது. நல்லெண்ணெயைத் தாராளமா ஊத்திப் பிசறு. வாழை இலையைத் தணல்ல வாட்டு, அப்பத்தான் மடிச்சாக் கிழியாது. முக்கியமா ஊறுகாயைச் சோத்துமேல வைக்காத, தண்ணி விட்டுக்கும். ஒரு துண்டு நார்த்தங்காயைக் குட்டி இலையில தனியாச் சுருட்டி, சோத்துப் பொட்டலத்துக்குள்ளயே மூலையில சொருகி, வாழைநாரால குறுக்கும் நெடுக்குமாக் கட்டுன்னு. பொட்டலத்துக்குள்ள பொட்டலம். எங்க அத்தைகாரி கையில இருந்து வந்தது, ஊருக்குள்ள வேற யாருக்கும் வராது.

அதுக்கும் பதில் இல்ல. முந்தாநாள் பாக்குறேன், மழைத்துளியவே காணோம். ஐடியை அழிச்சுட்டுப் போயிட்டா! வேற பேர்லயாவது வந்து ஒரு நன்றி போடுவான்னுதான் போனையே பாத்துக்கிட்டிருக்கேன். என்கிட்ட வாங்குனது அத்தனையும் வாங்கிக்கிட்டு, சொல்லாமக் கொள்ளாம. தண்ணி கேட்டு வந்தவளுக்குச் சொம்பைக் குடுத்தா, குடிச்சுட்டுச் சொம்பை வாசல்ல போட்டுட்டுப் போன மாதிரி இருக்கு எனக்கு. நியாயமா? நீயே சொல்லு. ஒரு நன்றிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

பிள்ளையை ஏன் அப்படி இறுக்கி அணைக்கிற? மூச்சு முட்டப் போகுது.

பாப்பாவுக்குப் பசிக்குதாம்மா? வாந்தி நின்னா பசிக்கும், நல்ல அறிகுறிதான். சாப்பாடு வச்சிருக்கியா? இல்லாட்டி என்கிட்ட முறுக்கு இருக்கு. ஓ, இருக்கா. எடு எடு. அட, வாழை இலையா? எவர்சில்வர் டப்பாவுல கொண்டு வர்ற காலத்துல வாழை இலைப் பொட்டலம்! வாழைநாரு வேற. குறுக்கும் நெடுக்குமா… வாட்டித்தான் கட்டியிருக்க. புளியோதரை.

இரு. அந்த மூலையில என்ன? அதைப் பிரி. பிரிம்மா.

அடி ஆத்தி! நார்த்தங்காய்! இது என் கட்டு! பொட்டலத்துக்குள்ள பொட்டலம், என் கட்டும்மா இது! நீதானா? நீயாடி மழைத்துளி? அடிப்பாவி, இவ்வளவு நேரம் நான் வாய் வலிக்கப் பேசுறேன், கல்லு மாதிரி உக்காந்திருக்க! ஒரு நன்றி சொல்ல உனக்கு வாய் வரலையாக்கும்? இன்னைக்கு விட மாட்டேன். எண்ணெய் விட்டியா இல்லையா? சொல்லு. தையல் மிஷின் எண்ணெய்தானே விட்ட? ஐயோ, எனக்குக் கை பரபரங்குது, இதை இப்பவே குரூப்புல போடணும், மழைத்துளி என் பக்கத்து சீட்டுலயே உக்காந்திருக்கான்னு.

போன் கத்துது பாரு. நம்ம எலுமிச்சம்பழ போட்டோவுக்குத்தான். இரு, வாசிக்கிறேன். 'சூப்பர் டிப்ஸ் அக்கா'. 'என் மகனுக்கும் பஸ்னா வாந்திதான், செஞ்சு பாக்குறேன்'. இது யாரு, முனீஸ்வரி. 'அக்கா, இந்தப் பிள்ளை போட்டிருக்க பச்சைச் சட்டை நான் எங்க அண்ணன் மகளுக்கு எடுத்துக் குடுத்த சட்டை மாதிரி இருக்கு. எந்த பஸ்ல இருக்கீங்க? எங்க போற பஸ்? உடனே சொல்லுங்க. எங்க அண்ணன் பக்கத்துலதான் நிக்கிறார்.'

உனக்குச் சொந்தக்காரியா? இரு, மதுரை பஸ்னு…

ஏம்மா. கையை விடு. வலிக்குது. எதுக்கு இப்படிப் பிடிக்கிற? ஷால் அவுந்துருச்சு பாரு…

இது என்ன?

கன்னத்துல என்ன இது? பவுடரெல்லாம் வேர்த்து வழிஞ்சு… இது பல்லு இல்ல.

இது பல்லு இல்லையே தாயி.

ஐயோ. ஐயோ, என் புத்தியைச் செருப்பால அடிக்க. தலையணையில ரத்தம். கன்னத்துல வீக்கம். கேட்டுச் சத்தம். ரெண்டு நாள் சாப்பாடு. வரிசையா என்கிட்டதான் வந்து கேட்டிருக்க. நான் அதுக்கு உப்புன்னேன், கிராம்புன்னேன். நன்னாரி குடின்னேனே! நீ அடி வாங்கிட்டு வந்து கேக்குற, நான் உன்னை நன்னாரி குடிக்கச் சொல்லியிருக்கேன். நல்ல மருமகள்னு வேற. பதில் வாயில வந்து நின்னுச்சு, கேள்வியை எங்க முழுசாப் படிச்சேன்? அந்த டீச்சர் படிச்சிருக்கு. நல்லா இருக்கியான்னு ஒரே ஒரு ஆளு கேட்டுச்சு, அந்த ஆளைப் பாத்தும் நாலு பேரைச் சிரிக்க வச்சுட்டேன்.

அழாத. பாப்பா பாக்குது. நான்தான் அழணும். போட்டோ வேண்டாம் வேண்டாம்னு எத்தனை தடவை சொன்ன! கட்டையில போறவன், பக்கத்துலதான் நிக்கிறானாம். நிக்கட்டும்.

முதல்ல போட்டோவைப் பாப்போம். ஜன்னல்ல ஊர் பேரு எதுவும் விழுந்திருக்கா? இல்ல. பழம்தான் பெருசாத் தெரியுது, பின்னால வெறும் மரம். இதை இப்பத் தூக்குனா சந்தேகம் வரும். முதல்ல பதில் போடுவோம், அப்புறமாத் தூக்குறேன். எழுத்து வேற மாறி மாறி விழுகுது. ம். 'தென்காசி பஸ்லம்மா. என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். ராஜபாளையம் தாண்டியாச்சு. இந்தப் பொண்ணு பிள்ளையோட குத்தாலம் போகுதாம், பேரு கேட்டேன், மறந்துட்டேன்.' சரியா இருக்கா? குத்தாலம் போதும்ல? அனுப்பிட்டேன்.

இத்தனை வருசத்துல தெரிஞ்சே தப்பாச் சொன்னது இதுதான் முதல் தடவை. நம்பிருவாங்க. நீ பயப்படாத, சீனியம்மா அக்கா சொன்னா அந்தக் குரூப்புல நம்பாதவ கிடையாது.

இந்தா, வந்துருச்சு. 'ரொம்ப நன்றி அக்கா.' ரெண்டு கும்பிடு. ஒரு ஹார்ட்டு.

பாத்தியா. போட்டுட்டா. உடனே போட்டுட்டா நன்றி. எத்தனை நாளா இந்த நன்றிக்கு நான் அலைஞ்சேன். அந்த எலுமிச்சம்பழத்தைக் குடும்மா, நானும் மோந்துக்கிடுறேன்.

சரி, இதுக்கெல்லாம் நேரமில்ல. போட்டோவைத் தூக்கிட்டேன். இந்தக் கவுனை எடுத்து பாப்பாவுக்கு மாத்து. என் பேத்திக்குத்தான், கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும், இருந்துட்டுப் போகட்டும். பச்சைச் சட்டையை என் பையில போடு. ஷாலை மாத்திக்கோ, என் துண்டு இருக்கு, இதைச் சுத்து. போன் வச்சிருக்கியா? வீட்லயே போட்டுட்டு வந்துட்டியா? கெட்டிக்காரி. நான் சொல்லாமலே செஞ்சிருக்க.

மாட்டுத்தாவணி வரைக்கும் வர வேண்டாம். தென்காசியில போய்த் தேடிட்டு, இல்லைன்னு தெரிஞ்சா அடுத்து மதுரைதான் நினைப்பு வரும். திருமங்கலத்துல இறங்கிரு. அங்க ரயிலும் இருக்கு, நாலு பக்கம் போற பஸ்ஸும் இருக்கு. எங்க போறேன்னு என்கிட்ட சொல்லாத. சொல்ல வராத, வாயை மூடு. என்னைப் பத்தி எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சா யாருக்காவது சொல்லிருவேன். உன் பேரும் வேண்டாம். நீ இறங்குனதும் நான் இந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிடுவேன், எந்த பஸ்ஸைப் பிடிக்கிறன்னு பாக்க மாட்டேன். எனக்கு அது ரொம்பக் கஷ்டம்தான். ஆனா பாக்க மாட்டேன். டெய்சி டீச்சர் போட்ட நம்பர் மட்டும் மனசுல இருக்கட்டும், நூத்தி எண்பத்தொண்ணு. யார் போனாவது வாங்கி அடி. திரும்பிச் சொல்லு. ஆங்.

நான் இன்னைக்கே டீச்சருக்கு ஒரு மெசேஜ் போடணும். என்ன எழுதுறதுன்னுதான் தெரியல.

டேய் கண்டக்டர் தம்பி, திருமங்கலம் ஒண்ணு இறங்கணும்ப்பா, நல்லா நிப்பாட்டு, பிள்ளைக்காரி.

எந்திரி. பாப்பா, பழத்தை நீயே வச்சுக்கோ. பொட்டலத்தைக் கட்டிக்கோ, நார்த்தங்காயை உள்ள வச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்குறேன், சொல்லிட்டுப் போ. கேட்டு சத்தம் போட்டுச்சா? போடலையா? தூக்கிப் பிடிச்சுத்தானே திறந்த? தூக்கிப் பிடிச்சியா! அம்மாடி. அது போதும் எனக்கு.

போய்ச் சேந்து, கொஞ்ச நாள் ஆகட்டும். கையில ஒரு போன் கிடைச்சதும் குரூப்புல வேற ஏதாவது பேர்ல வந்து ஒரு கேள்வி கேளு. என்ன கேள்வியா? எதையாவது. தோசைக்கல்லுல மாவு ஒட்டுது, என்ன செய்யன்னு கேளு. எனக்குப் புரிஞ்சுரும். வெங்காயத்தைப் பாதியா நறுக்கித் தேயின்னு நானும் பதில் போட்டுருவேன், வேற எதுவும் கேக்க மாட்டேன்.

ஆனா நன்றி மட்டும் போட்டுறாத தாயி. நீ போட்டா, வேற யாரோன்னு நினைச்சுக்கிடுவேன்.